தயாளனின் மாத்திரையும் இரண்டு பைல்களும்

கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவே தொழிலாளியின் மாத்திரைக்காகப் பேசுவது என் பிழைப்பு. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறை, காது சுடும்வரை போன். வீட்டில் தினமும் மாத்திரை விழுங்கும் ஆள் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தயாளன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எனக்கே இன்னும் அதிர்ச்சி தீரவில்லை.

மிட்டாய் டப்பா

தயாளன் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ்காரர். காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிடத் தொடங்கியபின் வலிப்பு வந்ததில்லை. ஒரு நாள் செக்யூரிட்டி அவர் பையைச் சோதித்தபோது, புதினா மிட்டாய் டப்பாவில் உதிரி மாத்திரைகள். போதை மாத்திரை என்று சந்தேகப்பட்டு வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டது அவர் மனைவி வசந்தா. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்கள் எல்லாம் உள்ளூர். அட்டையில் மருந்தின் பெயரைப் படித்துவிடுவார்களே என்ற பயம். சுரங்கம் மூடியும், வேலைக்குத் தகுதியில்லை என்பதற்கான 'அன்பிட்' என்ற சொல் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளை விட்டுப் போகவில்லை. வசந்தா சொன்னார்: "எங்க மாமனாரை அன்பிட்டுன்னு எழுதித்தான் சுரங்க ஷாப்டை விட்டு அனுப்புனாங்கண்ணா. இவரையும் அப்படி எழுதிட்டா இன்னா பண்றது?"

காலி அட்டை

டாக்டர் சீட்டைக் கம்பெனிக்கு அனுப்பினேன். போதை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வலிப்பு என்றால் வேலைக்கு ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

அதே வாரம் இன்சூரன்ஸ், மாத்திரைச் செலவைத் தர மறுத்தது. சாப்பிட்டதற்குச் சாட்சியாகக் காலி அட்டை வேண்டுமாம். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாதென்று அவற்றை வசந்தா எரித்துவிட்டிருந்தார். கம்பெனி கணக்கில் தயாளன் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் வேலை கிடையாது. இன்சூரன்ஸ் கணக்கில் சாப்பிடவில்லை, அதனால் மாத்திரை கிடையாது. இதை இன்சூரன்ஸ் அதிகாரியிடம் எடுத்துச் சொன்னேன். நிதானமாகப் பதில் வந்தது: "அது அவங்க பைல் சார். எங்க பைல்ல அவர் நல்லா இருக்கார்."

பிளாட்பாரம்

கம்பெனி மேலாளர் தயாளனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார்: மாத்திரை இல்லாமல் கொஞ்ச நாள் இருந்து காட்டினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். தயாளன் எனக்கும் சொல்லாமல், டாக்டரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டார். இருந்து காட்டிவிட்டதாகச் சொல்லக் கிளம்பிய காலையில், சாம்பியன் ரீப்ஸ் பிளாட்பாரத்தில் விழுந்தார்.

தண்டவாளத்துப் பக்கம் போகாமல் தடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் அந்த எதிர் சீட்டுக்காரர்கள்தான். அவருடைய வியாதி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவர் சொன்னார்: "முன்னாடியே தெரியும் சார். நாலு பேருக்கு நீட்டாம தனியா மிட்டாய் தின்றவன் இந்த ரயில்ல எவன் கீறான்?"

ஆதாரம்

மாத்திரையை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர் என்று கம்பெனியை எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, தயாளனுக்கு வேலை திரும்ப வந்தது. ஒரு நிபந்தனை: தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், அதுவும் செக்யூரிட்டி கண்ணெதிரில்.

மாத்திரையை நிறுத்தியதால் வந்த வலிப்பு என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் இன்சூரன்ஸும் இறங்கிவந்தது. அதே அதிகாரி என்மேல் உண்மையான அக்கறையோடு குறைபட்டுக்கொண்டார்: "இந்த ஆதாரத்தை முதல்லயே கொடுத்திருந்தா இவ்ளோ அலைச்சலே இல்லியே சார்."

ஆக, மாத்திரை வேலை செய்கிறது என்பதை இரண்டு அலுவலகங்களும் நம்ப, ஆள் ஒருமுறை விழுந்து காட்ட வேண்டியிருக்கிறது.