ஆம்பளப் பாட்டு

ஈப்போ நகரில் நானும் அம்மாவும் வழக்கமாகப் போய்வந்த இசைத்தட்டுக் கடையில் போன மாதம் தட்டுகளை எல்லாம் நடைபாதைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். உள்ளே கேசட் அடுக்க இடம் வேண்டுமாம். சாரலுக்குப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடி, பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல். விரிப்பைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. ஈர அட்டை, கற்பூரம், கடைக்காரப் பாயின் சுருட்டு. எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ரேடியோ பழுது பார்க்கப் படித்ததில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நான்காவதாக ஒன்றும் இருந்தது. அது அசாம்போய் என்று பிடிபடச் சற்று நேரமானது. உப்பில் ஊறிக் காய்ந்த அந்தப் பழம் பெட்டிக்குள் எப்படி வரும்? என் தலைக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அசாம்போய் இல்லாமல் அம்மாவால் மலையிலிருந்து இறங்க முடியாது. ரிங்லெட் ஊரைத் தாண்டிய முதல் வளைவிலேயே வயிறு புரண்டுவிடும். அதனால் பாட்டு தேடிப் போகும் நாளில் அவர் பையில் முதலில் போவது அது. பிறகு குடை, எனக்கு ஒரு மாற்றுச் சட்டை, கடைசியாகத் துவைத்து மடித்த துண்டு. வாங்கும் தட்டைக் கீறல் விழாமல் சுற்றிக் கொண்டுவர. அந்தத் துண்டு ஒவ்வொரு முறையும் போன மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது.

எங்கள் வீட்டில் தட்டு போடும் பெட்டியே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. வானொலிகூடப் பக்கத்து வீட்டில்தான். அந்தப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா வாசலில் நின்றபடியே அம்மாவை வழியனுப்புவார்.

"ஏன் பாக்கியக்கா, பிளேட்டு கெடச்சா எதுல போடுவ? தோசக்கல்லுலயா?"

"ஆமா, போட்டுத் திருப்புறேன். நீ சட்னி அரச்சி வையி லா."

அம்மா இப்படிப் பதில் சொல்வது அந்த நாட்களில் மட்டும்தான். மற்ற நாட்களில் கொழுந்துக் கூடையோடு போவார், வருவார், சமைப்பார். என் இரண்டு வயதில் அப்பா காய்ச்சலில் போனதிலிருந்து அப்படித்தான் என்பார்கள். அப்பாவின் முகத்துக்குக் கல்யாணப் படம் இருந்தது. குரலுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போட வருகிற மணியம் ஒரு பெட்டி நிறையப் பிளேட்டு கொண்டுவருவார். யாரோ தொழிலை விட்டபோது மொத்தமாக வாங்கிய பெட்டி. அதில் ஒரு சின்னப் பிளேட்டுக்கு நடுவிலிருந்த காகிதம் உரிந்துபோயிருந்தது. என்ன படம், யார் பாடியது, எந்த வேகம், எதுவும் தெரியாது. கம்பத்திலிருந்து ஒலிபெருக்கிக் குழாயை இறக்குவதற்கு முன் கடைசியாக அதைத்தான் போடுவார். அடிக்குரலில் ஓர் ஆண், அவசரமே இல்லாமல், சொல்லை இழுத்து இழுத்துப் பாடுவான். மூடுபனியில் குழாயின் சத்தம் கொழுந்து மலையில் முட்டித் திரும்பும். பாதிச் சொல் புரியாது.

சாப்பிட்ட இலைகளை வாரிக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து விளக்குமாற்றைக் கீழே வைப்பார். நாங்கள் பிள்ளைகள் கத்தினால், "சத்தம் போடாதீங்க, பேசறாரு" என்பார். பாடுகிறார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பாவின் குரல் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு விளக்கியது செல்லம்மாதான். ஆகவே எனக்கு அப்பா என்றால் வருடத்துக்கு ஒருமுறை குழாயில் வருகிறவர்.

ஒரு வருடம் மணியத்தின் லாரி குழியில் இறங்கிய வேகத்தில் பெட்டி சரிந்து, அந்தப் பிளேட்டு இரண்டாகப் போனது. அம்மா அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் துண்டை மடித்துப் பையில் வைத்தார்.

முதலில் கம்போங் ராஜாவில் மண்வெட்டி, பேட்டரி, பிளாஸ்டிக் வாளியோடு பிளேட்டும் விற்கிற சீனர் கடை. மலாய் மொழியில் இசைத்தட்டுக்குப் 'பிரிங் ஹித்தாம்', கறுப்புத் தட்டு என்று பெயர். அம்மாவுக்குப் பாதிதான் நினைவு வந்தது. "தவுக்கே, பிரிங் அடா?" முதலாளி, தட்டு இருக்கிறதா என்று கேட்க, அவர் பூப்போட்ட சோற்றுத் தட்டு அரை டஜன் எடுத்து வைத்தார். அம்மா குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய பற்கள் இவ்வளவு வரிசையானவை என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகுதான் ஈப்போ. எஸ்டேட் லாரியில் ரிங்லெட், பஸ்ஸில் தாப்பா, இன்னொரு பஸ். கடையில் பாய் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அங்கே இரண்டு நீளப் பெட்டிகள்: இடது பக்கம் ஆண் குரல், வலது பக்கம் பெண் குரல். அவருடைய முதல் கேள்வியே அதுதான்.

"ஆம்பளப் பாட்டாம்மா, பொம்பளப் பாட்டா?"

"ஆம்பள, பாய். நல்ல ஆம்பள. நடுவுல மாலை, மாலைன்னு வரும்."

"கழுத்துல போடற மாலையா, சாயங்காலமா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? சோகமா வரும்."

அம்மா மெதுவாக முனகிக் காட்டுவார். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மெட்டு என்னமோ தெரிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா பிடிபடல" என்பார். மாலை வருகிற ஆண் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். இல்லை. இதுவும் இல்லை. முகம் வாடிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம், நேர்மாறு. அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் விரல் கொழுந்து பறிக்கிற வேகத்தில் ஓடும். "இது பாரு, மூஞ்சி நம்ம கிராணி மாதிரி இல்ல?" என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைச் சொல்லி ஒரு கதாநாயகனைக் காட்டுவார். நான் சத்தமாகச் சிரித்தால் தொடையில் கிள்ளுவார். இடது பெட்டி முழுக்க எங்களுக்கு மனப்பாடம். வலது பெட்டியை நாங்கள் தொட்டதே இல்லை. அதில் என்ன வேலை?

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என்று நான் பெரியவளாகும்வரை போனோம். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு நானே போய்க் கேட்டேன். ஈப்போவிலேயே படித்தேன், ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தத் தட்டு எந்த வேகத்தில் சுழல வேண்டும், வேகம் குறைந்தால் குரல் என்ன ஆகும் என்றெல்லாம் படம் போட்டுப் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தை எங்கள் தோட்டத்துக் கம்பத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை.

போன வருடம் அடைமழையில் அம்மா போய்விட்டார். லைன் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பாத்திரங்களைச் செல்லம்மாவிடம் விட்டுவிட்டு, துண்டை மட்டும் எடுத்துவந்தேன்.

போன மாதம் நடைபாதையில் பாய் இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார். கை வந்ததை எடுத்தேன். அட்டைகூட இல்லாத ஒரு சின்னத் தட்டு. கீறல் இருக்கிறதா என்று பாய் போட்டுக் காட்டினார். சின்னப் பெண்ணின் குரல், துள்ளித் துள்ளி மழையைக் கூப்பிடுகிற பாட்டு. மழை, மழை என்று நொடிக்கு ஒருமுறை. நான் வேண்டாம் என்று கை காட்டினேன். பாய் ஊசியை எடுக்கப் போனபோது அவருடைய முழுக்கைச் சட்டை வேகத்தை மாற்றும் பிடியில் மாட்டி இழுத்துவிட்டது. நாற்பத்தைந்தில் ஓடிய தட்டு முப்பத்துமூன்றுக்கு இறங்கியது.

"அட, பொம்பள ஆம்பளையாயிட்டா லா!" பாய் சிரித்தார்.

அடிக்குரலில், அவசரமே இல்லாமல், சொல்லை இழுத்து இழுத்து. மழையின் குறில் நெடிலாக நீண்டு, ழகரம் லகரமாகக் குழைந்து மாலை ஆகியிருந்தது.

சின்னத் தட்டுகளில் இரண்டு வேகமும் உண்டு. காகிதம் உரிந்த தட்டில் மணியம் ஒன்றைக் குத்துமதிப்பாக வைத்திருக்கிறார். எங்கள் தோட்டம் முழுக்க அதை அப்படியே கேட்டது. அந்தப் பாட்டு வந்த படம் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்ததுமில்லை, மறுப்புச் சொல்ல ஆளுமில்லை.

"இது எந்தப் பெட்டில இருந்துச்சு பாய்?"

"பொம்பளப் பாட்டு, வலது பக்கந்தான். கடை தெறந்த நாள்லேருந்து கெடக்கு. யாரும் கேக்கல. ஏம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

தூசி என்றேன். உள்ளே அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்த இடத்திலிருந்து வலது பெட்டி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அம்மாவின் குடை எப்போதும் அதன்மேல்தான் சாய்ந்திருக்கும்.

இப்போது அந்த நாற்காலி இல்லை. இடது, வலது என்ற பிரிவும் இல்லை. மணியம் கேசட்டுக்கு மாறிவிட்டார். கேசட்டில் வேகம் மாற்றும் பிடி கிடையாது, யாரும் எதையும் தப்பாகக் கேட்க வழியில்லை. அப்பா உண்மையில் எப்படிப் பேசினார் என்று செல்லம்மாவிடம் போய்க் கேட்கலாம்தான். கேட்டால், "அந்தப் பிளேட்டு மாதிரியே" என்றுதான் சொல்வார். இதுதானா என்று தட்டைப் போட்டுக் காட்டி, யாருடைய தலையாட்டலுக்காக நான் காத்திருப்பேனோ அந்த ஆள் போய்விட்டார்.

வாங்கிவந்த தட்டை அம்மாவின் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் வேலை பார்க்கும் கடையில் யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத, தட்டு போடும் பெட்டி ஒன்றைச் சரிசெய்து அறைக்குக் கொண்டுவந்தேன். நேற்று சாயங்காலம் வேகத்தை முப்பத்துமூன்றில் வைத்து ஊசியை இறக்கினேன். என்னோடு தங்கியிருக்கும் விமலா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"என்னடி இது? ஸ்பீடு தப்பா இருக்கு. பொம்பள பாடறதப் போயி..."

"சத்தம் போடாத," என்றேன். "பேசறாரு."