தோத்தவங்களுக்கு ரோல்ஸ்

எங்க லேப் மேசை மேல எப்பவும் எண்ணெய் ஊறின ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ள மீன் ரோல்ஸ். இன்னைக்கு என் வயிறு சட்டைப் பொத்தானோட சண்டை போடுதுன்னா அதுக்கு அந்தப் பெட்டிதான் பொறுப்பு, எனக்குச் சம்பந்தமே இல்ல. மத்த லேப்ல ஒருத்தருக்கு ரியாக்ஷன் நல்லா வந்தா, அவர் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் குடுக்கணும். எங்க சார் அதத் தலைகீழா மாத்தி வச்சிருந்தார். வரலன்னா வந்து சொல்லு, நான் வாங்கித் தாறேன்னுட்டார்.

சார் யாழ்ப்பாணத்துக்காரர், கெமிஸ்ட்ரி புரொபெசர். நான் ஹந்தானை மலையில இருந்து இறங்கி வந்து அவர் லேப்ல குழாயும் குடுவையும் பாத்துக்கிட்டவன். அப்ப அவர் ஒரு மெஷின் கட்டிக்கிட்டு இருந்தார். பம்ப், ட்யூப், சூடாக்குற தட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சாமான அதுவே அளந்து கலக்கும், என்ன வந்துச்சுன்னு அதுவே பாக்கும், அடுத்து எது பண்ணலாம், எது வேலைக்காகாதுன்னு அதுவே சொல்லும். அப்படிச் சொல்ல அது முதல்ல படிக்கணுமே. வந்தத எல்லாரும் பெருமையா எழுதிருவாங்க, வராதத ஒருத்தரும் வெளிய விடமாட்டாங்க. "வராததையும் கொண்டு வாங்கோ, அதிலதான் இது படிக்கும்" னு சார் லேப் லேப்பா ஏறி இறங்கினார். தோல்விதான் வேணும்னா என் ஜாதகத்த டைப் பண்ணித் தரவா சார்னு கேட்டேன். "உம்மடையைப் போட்டா மெஷின் படிப்பையே விட்டிடும்" னார். ரோல்ஸ் வந்தப்புறம்தான் படிக்கிற புள்ளைங்க வாயத் தொறந்தாங்க.

அந்த நேரம் பாத்து நாட்டுல கரண்ட் வெட்ட ஆரம்பிச்சாங்க. ராத்திரி பூரா சூட்டுல கலங்க வேண்டிய ரியாக்ஷன் பாதியில நின்னு ஆறிப்போகும். "வரல சார்" னு புள்ளைங்க வந்து நிப்பாங்க, போன் வெளிச்சத்துல நாங்க ரோல்ஸ் திம்போம், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர்ல 'வரல' னு போட்டுருவோம். வரல, சரி. ஏன் வரலன்னு போட அந்த புரோகிராம்ல இடமே இல்ல. எங்களுக்கும் அது தோணல. கரண்ட் இல்லங்கிறது அப்ப மழை பேயுறது மாதிரி, அத யாரு போய் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டு இருப்பா?

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு பொம்பளப் புள்ள வந்து எங்க லேப்ல மேல்படிப்புப் படிச்சுச்சு. காய்ச்சல் மருந்துக்கு உதவுற ஒரு பொருளச் செய்யணும். ரொம்ப நாள் உக்காந்து அதுக்கு ஒரு வழி யோசிச்சு வச்சிருந்துச்சு. அத மெஷின்கிட்ட குடுத்தா, இது வரவே வராதுன்னு சொல்லிருச்சு. "ஒரே ஒரு தடவ கையால செஞ்சு பாக்கட்டுமா சார்" னு அந்தப் புள்ள கேட்டப்ப நான் அங்கதான் குடுவை கழுவிக்கிட்டு நின்னேன். சாமான் கெடைக்காத காலம். சார் அலமாரியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்தார். "சாமான் வீணாப் போயிடும் பிள்ளை, வேற தலைப்பு எடும்" னார். வேற தலைப்புன்னா முதல்ல இருந்து. அவ்வளவு நாள் வீட்டுல பொறுத்துக்கல. அந்தப் புள்ள ஸ்கூல் வேலைக்குப் போயிருச்சு.

பிறகு வெளிநாட்டுல யாரோ அதே வழியில அதே பொருளச் செஞ்சு பேப்பர் எழுதிட்டாங்க. சார் அந்தப் பேப்பர ரெண்டு தரம் படிச்சார். மெஷின நிப்பாட்டிட்டு, லேப் கோட்ட மாட்டி, தன் கையாலேயே செஞ்சார். வந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, அது எந்தெந்தத் தோல்வியில இருந்து அப்படிப் படிச்சுச்சுன்னு தேடினார். எல்லாம் இந்த மாதிரி ராத்திரி பூரா சூட்டுல வைக்கிற வழிங்கதான், எல்லாம் கரண்ட் வெட்டின அந்த மாசங்கதான். "கரண்ட் இல்லாததை இது கெமிஸ்ட்ரி எண்டு படிச்சிட்டுது" ன்னார். நான் வாயில வந்த பகிடிய அப்படியே முழுங்கிட்டேன்.

தோத்தா ஏன் தோத்துச்சுன்னும் மெஷினுக்குச் சொல்லணும்னு அவர் எழுதினதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்துச்சு. இப்ப நெறைய ஊர்ல மருந்து செய்யுற மெஷினுக்கு அந்த முறையிலதான் சொல்லிக் குடுக்கிறாங்களாம். கண்டியில ஒரு பாராட்டுக் கூட்டம் வச்சாங்க. ஆளாளுக்குப் புகழ்ந்தாங்க. சார் வேற யாரையோ பாராட்டுற மாதிரி கதிரையில குனிஞ்சு உக்காந்திருந்தார். முடிஞ்சதும் போட்ட மாலையக் கழட்டி என் கையில குடுத்துட்டு, "வத்தேகமைக்கு பஸ் எங்கை நிக்கும் தம்பி?" ன்னார்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல ஏறினோம். வழி நெடுக அந்த மாலை என் கையிலயே இருந்துச்சு.

அந்தப் புள்ள மடியில கொழந்தையத் தூங்க வச்சுக்கிட்டே எங்கள உக்காரச் சொன்னுச்சு. வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வச்சார். சார் டீயத் தொடல. "உம்மடை வழி சரி. பிழை மெஷின்ரை இல்லை, என்ரை" ன்னார்.

"விடுங்க சார். மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும்தானே போனேன். டீ ஆறுது, குடிங்க."

"திரும்பி வந்து முடிக்கலாம் பிள்ளை. ஆரோடை வேணுமெண்டாலும் நான் கதைக்கிறன்."

அந்தப் புள்ள கொழந்தையோட தலைமயிரக் கோதிக்கிட்டே இருந்துச்சு. "இனி எப்படி சார்" னுச்சு. கோவமா எல்லாம் இல்ல. கோவப்பட்டிருந்தா சாருக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கெளம்பி வாசல்ல செருப்பு மாட்டுறப்பதான் பின்னால வந்து நின்னு கேட்டுச்சு.

"என்ன நெறத்துல வந்துச்சு சார்?"

சார் திரும்பிப் பாத்தார். "இளமஞ்சள் பிள்ளை. நல்ல பளிங்காய் வந்தது."

"அப்படியா" ன்னு சொல்லிட்டு, ஏதோ கண்ணுக்கு முன்னால வச்சுப் பாக்குற மாதிரி நின்னுச்சு.

"நான் வெள்ளையா வரும்னு நெனச்சிருந்தேன் சார்."