உட்கார்ந்து ஓட்டும் புல் மிஷின்

டெங்கிக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது, வாடகைக் காரின் கண்ணாடி வழியே பார்த்து, ஓட்டுநர் வேறு யார் வீட்டிலோ நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீடு பாதிதான் தெரிந்தது. கீழ்ப்பாதியை ஆள் உயரம் வளர்ந்த லாலான் புல் மறைத்திருந்தது. நான் படுப்பதற்கு ரொம்ப நாள் முன்பே புல் வெட்டுகிற ஆள் வருவதை நிறுத்தியிருந்தார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காற்று வந்தபோது புல்லின் வெள்ளைப் பூக்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தன. எனக்கு அது அழகாக இருந்தது. காய்ச்சல் விட்ட புதிதில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் தூரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி.

"எறங்குங்க. படி இருக்கு, பாத்து," என்றாள் மனைவி.

அது எங்கள் சொந்த வீடு இல்லை. பினாங்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் கடைசியில் இருக்கும் பழைய பங்களா. வீட்டுக்காரம்மா ஒரு சீன டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரும் இறந்த பிறகு, மகனோடு வெளிநாட்டில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். பின்கட்டு இரண்டு அறைகளில் நாங்கள் இருந்துகொண்டு வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறோம். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபிசில் குமாஸ்தா. அவள் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவள். பிள்ளைகள் இல்லை.

ஆபிசில் ஒரு மாசம் மெடிக்கல் லீவு கொடுத்திருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை, செய்ய முடியவும் இல்லை. காலையில் பல் விளக்கினாலே உட்கார வேண்டியிருந்தது. பின் வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து என்னை உட்கார வைத்துவிடுவாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். ஒரு தூக்கத்தில் புல் வராந்தாப் படியேறி, நாற்காலியைச் சுற்றி, என் மடிவரை வந்து நின்றது. இன்னொன்றில் ஆபிஸ் கோப்புகளைத் திறக்கத் திறக்க உள்ளே புல் முளைத்திருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். விழித்தால் மலைமேல் கோயில் மணி கேட்கும். காலைப் பூசையா சாயங்காலப் பூசையா என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு மலாய்ப் பெண்கள் வந்தார்கள். டெங்கி வந்த வீட்டை வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். புல் ஓரத்தில் நின்றபடி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே போக வழியில்லை. முதலில் இதை வெட்டுங்கள், பிறகு வந்து பார்க்கிறோம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மனைவி பழைய ஆளுக்குப் போன் செய்தாள். அவர் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். வேறு இருவரைக் கேட்டாள். ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. அன்று மத்தியானம் நான் கண் விழித்தபோது, கார் கொட்டகையின் இரும்புக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பத்து வருஷமாகத் திறக்காத கதவு.

உள்ளே தார்ப்பாய் மூடிக் கிடந்தது அந்த மிஷின். டாக்டரம்மாவின் கணவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். மேலே உட்கார்ந்து ஸ்டீரிங் பிடித்து ஓட்ட வேண்டும், அடிவயிற்றில் கத்தி சுழலும். சிவப்புப் பெயின்ட் வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. சீட்டு கிழிந்து, பஞ்சுக்குள் எறும்பு குடியிருந்தது.

அவள் பெர்த்துக்குப் போன் செய்து கேட்டாள். டாக்டரம்மா, வீட்டை எரித்துவிடாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னாராம்.

"ஒனக்கு இதப்பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

"ஒன்னும் தெரியாது. கழட்டுனா தெரிஞ்சிட்டுப் போவுது."

அவள் கழற்றுகிற விதத்தைப் பார்ப்பதற்காகவே நான் நாற்காலியைக் கொட்டகை வாசலுக்கு மாற்றச் சொன்னேன். ஒரு திருகைக் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுப்பாள். கழற்றியதை கேக் சுடும் தட்டின் குழிகளில் வரிசைப்படி போடுவாள். தட்டு என் மடியில் இருக்கும். அதுதான் என் வேலை. தொழிற்சாலையில் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு இத்தனை வருஷமும் மேலோட்டமாகத்தான் தெரியும். பழுதான சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சரிசெய்கிற பிரிவு. கண்ணை மிஷினிலிருந்து எடுக்காமல், கையை மட்டும் நீட்டித் தட்டில் சரியான திருகை எடுப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

டேங்கிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி, புளித்த வாடை அடித்தது. காற்று வடிகட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. புகைக்குழாயில் மூன்று பல்லி முட்டை. அதைப் பஞ்சில் வைத்துக் கொட்டகைச் சுவரில் ஒரு பொந்தில் வைத்தாள். கார்புரேட்டரின் ஓட்டைகள் அடைத்திருந்தன. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து, ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு எடுத்தாள். பெட்ரோல் வாடையும், வெயிலில் காய்கிற புல்லின் வாடையும் சேர்ந்து என்னைத் தூக்கத்துக்கு இழுக்கும். தட்டு சரிவதற்குள் அவள் வந்து பிடித்துக்கொள்வாள்.

சாமான்களுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்குக்குப் போனாள். அங்கே தண்ணீர் பம்பு, தோளில் மாட்டுகிற புல்வெட்டி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு முஸ்லிம் அண்ணன் கடை இருக்கிறது. படங்களைக் காட்டியிருக்கிறாள்.

"இந்த ஊர்ல யாரும்மா ஒக்காந்து புல்லு வெட்றா?" என்று கேட்டாராம். ஆனாலும் ஸ்பார்க் பிளக், பேட்டரி, பெல்ட் எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்து, சந்தேகம் வந்தால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. டயருக்குக் காற்றடித்தாள். எறும்புகளை விரட்டி, சீட்டை வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் சுற்றி மாட்டினாள். நான் பார்க்க வேண்டும் என்று எழுப்பினாள். மூடியைத் திறந்துவைத்து எஞ்சின் பக்கமாக நின்று, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு 'டிக்' கூட இல்லை.

அடுத்த ஐந்து நாளும் அப்படியே போனது. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். பியூஸ் மாற்றினாள். பேட்டரியைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. கடை அண்ணன் சொன்னதையெல்லாம் செய்தாள். மழை பெய்தால் கொட்டகைத் தகரத்தில் கொட்டுகிற சத்தத்துக்குள் உட்கார்ந்து போனில் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை தவறியது. புல் இன்னும் ஒரு சாண் ஏறியது.

ஐந்தாம் நாள் மழை விட்ட பிறகு சொன்னேன். "விட்ருமா. ஆளு யாராச்சும் கெடைப்பாங்க. இதுக்குப் போயி ஒடம்ப கெடுத்துக்காத."

அவள் பழந்துணியை எடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை சுத்தமான பிறகும் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரில தெனமும் காலையில பிளேட்லெட் எவ்வளவுன்னு வந்து சொல்வாங்க. கொறஞ்சிக்கிட்டே வந்துச்சி. ஒங்ககிட்ட நல்லாருக்குன்னு சொன்னேன்."

எனக்கு அது தெரியாது. அந்த ஒன்பது நாளில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஜன்னல் திரையின் நீலமும், அவள் பக்கத்தில் இருந்தாள் என்பதும்தான்.

"நா என்னா செய்ய முடியும்? ஒக்காந்துகிட்டே இருந்தேன். கையால செய்றதுக்கு ஒன்னுமே இல்ல," என்றாள். பிறகு மிஷினைக் காட்டி, "இதுல கை வெக்கலாம்லா. அதான்."

நான் அதற்கு மேல் விடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து கொட்டகைக்கு நடந்தேன். துணையில்லாமல் அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. அவள் மூடியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தாள். வாசலைத் தாண்டியதும் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. நாற்காலியை அவள் இன்னும் வராந்தாவிலிருந்து கொண்டுவந்திருக்கவில்லை. கைக்கு எட்டியது மிஷின்தான். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறி, பிளாஸ்டிக் சுற்றிய சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாங்க, மயக்கமா?"

"இல்ல. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன். நீ பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பழக்கத்தில், கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

மிஷின் எனக்குக் கீழே உறுமியது. இரண்டு மூன்று முறை இழுத்து இழுத்து இருமி, ஒரு கொத்துக் கரும்புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது. தகரச் சுவரில் தொங்கிய வாளி தடதடவென்று ஆடியது. அவள் அப்படியே நின்றாள். நான் பயந்துபோய் எழுந்தேன். எழுந்த நொடியே எஞ்சின் நின்றது.

புகை மெல்ல வாசலை நோக்கிப் போனது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திரும்ப ஒக்காருங்க," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினாள். ஓடியது. எழுந்தேன். நின்றது.

கடை அண்ணனுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள்.

"அட, சீட்டுக்கு அடியில சுவிட்சு இருக்கும்லா. ஆளு உக்காந்தாத்தான் கரண்டு போவும். கீழ விழுந்துட்டா கத்தி நிக்கணும்ல, அதுக்கு," என்றார். "இத்தன நாளா நீங்க யாருமே ஏறி உக்காரலியா?"

"இல்லண்ணே."

"நானும் கேக்கல பாருங்க. இதுல உக்காரணும்னே நமக்குத் தோணல."

போனை வைத்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எறும்பும் ஈரமுமாக இருந்த சீட்டில் உட்காரத் தோன்றவே இல்லை. எஞ்சினைக் கவனித்துக்கொண்டே பக்கத்தில் நின்றுதான் ஒவ்வொரு தடவையும் திருப்பியிருக்கிறாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டுமில்லை என்று தெரிந்தது. நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது.

புல் வெட்டுவது உடனே நடக்கவில்லை. அவ்வளவு உயரப் புல்லைக் கத்தி தாங்காது. வீச்சரிவாளால் மேலே வெட்டிச் சாய்த்து, ஒதுக்கி, இரண்டு நாள் காய விட்டாள். மூன்றாம் நாள் காலை கத்தியை உயர்த்தி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கார் ஓட்டத் தெரியாதவள். முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத் தோட்டத்துக்குள் போனாள். பெல்ட் கீச்சிட்டது. இரண்டு தடவை புல் அடைத்து நின்றது. இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குச்சியால் சுத்தம் செய்து மறுபடி ஏறினாள்.

நான் புல்வாரியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மறைந்து கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு கல் பெஞ்சு. தோட்டப் பாதையின் செங்கல். மதிலோரம் மாமரத்தடியில், யாரோ வெளியிலிருந்து வீசிய ஒரு ஐஸ்கிரீம் டப்பா, மழைத் தண்ணீர் நிறைந்து நிமிர்ந்து நின்றது. குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் கொசுப்புழுக்கள் நூல் துண்டுகள் மாதிரி நெளிந்துகொண்டிருந்தன.

கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். அவள் இறங்கி வந்து பார்த்தாள். டப்பாவை இரு கையாலும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போய், வெயில் விழும் சிமெண்டு முற்றத்தில் பரவலாக ஊற்றினாள். ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி முழுதாகக் காயும்வரை நகராமல் நின்றாள். நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டேன். சுகாதார இலாகாப் பெண்கள் மறுபடி வந்தபோது அதைச் சொன்னாள், ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிவாக்கில் வேலை முடிந்திருந்தது. மலையடிவாரம் வரை பச்சையாக ஒரு வெளி. அதன் மேல் மஞ்சள் வெயில். மைனாக்கள் எங்கிருந்தோ இறங்கிப் புழு தேடின. எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. அங்கே ஒரு சுவர் இருப்பதையே மறந்திருந்தேன்.

வெட்ட மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் அவள் மிஷினை நிறுத்தவில்லை. வெட்டிய இடத்தையே மறுபடி பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில், முதுகு நிமிர்ந்து, கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி ஆறுது என்று ஒருமுறை கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பவும் கூப்பிடவில்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கிட்ட வருவதும் தள்ளிப் போவதுமாக, பெட்ரோல் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.