கழுகுக்குக் கண்ணாடி

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மத்தியில் அவருக்குக் கழுகு என்று பெயர். மண்டபத்தின் கடைசி வரிசையில் யாராவது கண் கலங்கினால்கூட அவருடைய கேமரா அங்கே திரும்பிவிடும். அந்தப் பெயரில் அவருக்கு அலாதிப் பெருமை.

நாற்பத்தாறு வயதில் கேமராவின் குட்டித் திரை மங்கத் தொடங்கியது. முதலில் லென்ஸைக் குறை சொன்னார். லென்ஸை மாற்றியும் மங்கல் போகவில்லை. அப்புறம் கேமராவையே மாற்றி, ஃபுல் எச்டியிலிருந்து ஃபோர்கேக்குப் போனார். படத்தில் புள்ளிகள் நாலு மடங்கு ஆயின. மங்கல் மட்டும் அப்படியே இருந்தது. எனவே, படத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்க கேமராவுக்குள் இருக்கும் ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு படி ஏற்றிக்கொண்டே வந்தார். வீட்டில் எடிட்டிங் செய்யும் மானிட்டரும் பழசாகிவிட்டதென்று அதற்கும் திட்டு விழுந்தது.

திட்டு விழாமல் தப்பியது அவருடைய கண் மட்டும்தான்.

“டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்கன்னா கேக்கறீங்களா?” என்பாள் மனைவி, அவர் போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து. “கை நீளம் பத்தலேன்னா சொல்லுங்க, ஒரு குச்சி வாங்கித் தர்றேன்.”

“கண்ணாடி போட்ட கேமராமேனை எவன் கூப்பிடுவான்? சும்மா இரு.”

அந்த அளவு உச்சப் படியைத் தொட்டது ஒரு தையல்கார அம்மாவின் மகள் கல்யாணத்தில். பேச வந்த அன்றே அந்த அம்மா கேட்டார், “எதுல எடுப்பீங்க தம்பி?”

“ஃபோர்கேலதாம்மா. என்னைக் கழுகுன்னுதான் சொல்வாங்க. இமை முடியைக்கூட எண்ணிடலாம்.”

வழக்கமாகப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கல்யாணம் முடிந்து வீடியோவைக் கொடுக்கப் போன அன்று தையல்கார அம்மா விடவில்லை. “இருந்து பாத்துட்டுப் போங்க” என்று கதவோரம் ஒரு நாற்காலி போட்டார். டிவி எதிர்ச்சுவரில் இருந்தது. வெள்ளெழுத்து கிட்டப் பார்வையைத்தான் கெடுக்கும்; எட்ட இருப்பது பளிச்சென்று தெரியும். தான் எடுத்ததை அவர் அப்போதுதான் முழுசாகப் பார்த்தார்.

தலைமுடியெல்லாம் கம்பி கம்பியாக நின்றது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கத்தரித்து ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. தையல்கார அம்மாவின் முகத்தில் பவுடர் சுண்ணாம்பாக வெடித்திருக்க, சுருக்கங்கள் மையால் கீறியதுபோல் ஓடின.

“உங்கம்மாவும் வந்திருந்தாங்களா என்ன?” என்று அந்த அம்மாவைக் கேட்டார் அவர் புருஷன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: “நீங்க நல்லாத்தான் எடுத்திருக்கீங்க தம்பி. என் மூஞ்சி இப்படி ஆயிட்டது எனக்குத்தான் தெரியல. நான் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடுங்க.”

“சரிங்கம்மா” என்றது அவர் வாய்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. காது மடல் இரண்டும் சுட்டன.

“அம்மா இல்லாம எனக்கு எதுக்கு இந்த வீடியோ?” என்று மகள் டிவியை நிறுத்தினாள். தாயின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. அதற்குமேல் வீடியோக்காரரால் உட்கார முடியவில்லை.

“வெட்ட வேண்டாம்மா. அது உங்க முகமில்ல. எனக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு. எனக்குத் தெளிவாத் தெரியணும்னு ஏத்தி ஏத்தி வெச்சதுல உங்க முகத்தைக் கெடுத்துட்டேன்.”

“சரி பண்ணலாமா?” என்றாள் மகள்.

“கொஞ்சம் மழுக்கலாம். முழுசாப் போகாது. எடுக்கும்போதே படத்துல ஏறிடுச்சு.”

தையல்கார அம்மா தன் கழுத்தில் சங்கிலியோடு தொங்கிய சிவப்புச் சட்டக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடி. வீடியோக்காரர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“கழுகு மாதிரி தெரியல, ஆந்தை மாதிரிதான் இருக்கு” என்றார் புருஷன்.

அந்த அம்மா ஒரு முழ தூரத்தில் வந்து நின்றார். “இப்ப சொல்லுங்க. நான் அப்படியா இருக்கேன்?”

“இல்லம்மா.”

“நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. இமை முடியெல்லாம் எண்ணுவீங்களே.”

பார்த்தார். சுருக்கங்கள் இருந்தன, மடித்துப் பிரித்த துணியில் இருக்கிற மாதிரி, யாரையும் உறுத்தாமல். இமை முடிகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதற்குமேல் பார்க்கத் திராணியில்லாமல் தலையைக் குனிந்தார். அவருடைய உள்ளங்கை ரேகைகள் கண்ணாடி வழியே ஒவ்வொன்றாகத் தெரிந்தன.