கோஷம் போடப் போன இடத்தில் நான்கு கிளாரினெட்

இன்று மாலை திருவொற்றியூர் பள்ளி மைதானத்தில் ராணுவ பேண்டு நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் மாசுக் கட்டுப்பாட்டுத் துறையின் உயர் அதிகாரி ஒருவர். ஆலைப் புகையால் எங்கள் தெருக் குழந்தைகள் இருமிக்கொண்டே தூங்குகிறார்கள் என்று நாங்கள் கொடுத்த எந்த மனுவையும் படிக்காதவர்.

ஆகவே நானும் நண்பன் பிரான்சிஸும் அவர் முன்னால் கோஷம் போடப் போனோம்.

"வாசிக்கசொல்ல கத்தக்கூடாது, ஜனம் நம்மளத்தான் திட்டும். பாட்டு நின்னதும் கத்தலாம்" என்றேன். திட்டம் என்னுடையது.

நான்கு சிப்பாய்கள், நான்கு கிளாரினெட். அணிவகுப்பு இசையில் ஆரம்பித்தார்கள். அது முடியும் முன்பே ஒருவர் மாதா கோயில் பாட்டுக்குத் தாவினார், மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து நேராகச் சினிமா மெட்டு. மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை.

பிறகு கானா. இருப்பதிலேயே பெரிய கிளாரினெட் டோலக் மாதிரி அதிர்ந்தது. நான் விசிலடித்தேன். சரி, ஆடினேன்.

பிரான்சிஸ் தோளைத் தட்டினான். "இன்னா மாமு, ஆடி முட்ச்சிட்டியா? அவரு வண்டியேறிப் பூட்டாரு. போசொல்ல உன்னப் பாத்து கை வேற தட்னாரு."

அடுத்த போராட்டத்துக்கு இசை ரசனை துளியும் இல்லாத நான்கு பேர் அவசரமாகத் தேவை. கமெண்டில் கை தூக்குங்கள்.