செல்வாம்பாள் பார்க்கும் கடைசிப் பக்கம்

இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் தாள்களைச் செல்வாம்பாள் எண்ணுவதில்லை. இரண்டு கைகளாலும் அள்ளி, மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டி, ஓரம் சேர்த்து, வலது உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறாள். "நூத்திப் பத்து இருக்கும்" என்கிறாள். இருக்கிறது. பிறகு அடியில் கிடக்கும் கடைசித் தாளை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறாள். வக்கீல்கள் தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

கடலூர் சாலையில் நீதிமன்றத்துக்கு எதிர் வரிசையில் எட்டடி அகலக் கடை. இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், சுருள் கம்பி போட ஒரு கைமிஷின். வாசலில் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. உரிமையாளர் கமலக்கண்ணன் காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் பெரும்பாலும் செய்தித்தாளோடு அந்தப் பெஞ்சில்தான் இருப்பார். மிஷின்கள் செல்வாம்பாளின் பொறுப்பு. ரெட்டியார்பாளையத்திலிருந்து எட்டே முக்காலுக்கு வந்து இறங்குகிறாள். இடது கட்டைவிரலில் ரப்பர் உறையை மாட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் கழற்றுகிறாள். பதினாறு வருடத்தில் பகல் வேளையில் கடையை விட்டு அவள் போனது, இரண்டு கடை தள்ளி இருக்கும் கழிப்பறைக்கு மட்டும்தான்.

பேச்சு குறைவு. வயது ஐம்பத்தொன்று ஆகியும் புது ஆளிடம் நிமிர்ந்து பேச வராது. கேள்வி கேட்டவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். "எத்தினி காப்பி?" "ரெண்டு பக்கமுமா?" "கம்பி போடணுமா?" இந்த மூன்று கேள்விகளில் அவளுடைய வியாபாரப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கை பேசும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி எழுதிய பத்திரத்தை யாராவது கொண்டுவந்தால், அப்பளம் மாதிரி நொறுங்கப் பார்க்கும் அந்தத் தாளை இரண்டு பிளாஸ்டிக் உறைக்கு நடுவில் நழுவவிட்டு, மூடியை மெல்லச் சாய்த்து, ஒளி போய் வரும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறாள். கொண்டுவந்தவரும் கூடவே மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

டெல்லியில் காலையில் உச்ச நீதிமன்றம் சொல்கிற தீர்ப்பு, மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்து செல்வாம்பாளின் கையில் சூடாக இருக்கும். படித்தது எட்டாவது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டினால் வார்த்தை வரும், அர்த்தம் வராது. ஆனால் எந்தத் தீர்ப்பு எதைப் பற்றியது என்பது, பெஞ்சில் நடக்கும் பேச்சில் காதுக்கு வந்துவிடும். அவள் அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருக்கிறாள். வீட்டை இடிப்பதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்கச் சொன்னது "புல்டோசரு". மூன்றாவது பிரசவத்துக்கும் ஒரு டீச்சருக்கு லீவு உண்டு என்றது "மூணாம்புள்ள". மகளுக்கும் மகனுக்கும் பரம்பரைச் சொத்தில் சரிபங்கு என்றது "பொண்ணு பங்கு". அது வந்து சில வருடமாகியும் இன்னும் மாதத்துக்கு நாலு பேர் கேட்டு வருகிறார்கள். தெருநாய்களைப் பற்றியது ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தது. நாய்க்குச் சோறு வைக்கும் ஒரு அம்மாவின் வக்கீலும், நாய் கடித்த ஒருவரின் வக்கீலும் அடுத்தடுத்து வந்து பிரதி வாங்கிப் போனார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே தீர்ப்பத்தான் எடுத்துக்கினு போறாங்க" என்று அன்றைக்குக் கமலக்கண்ணனிடம் சொன்னாள். "ரெண்டு பேரும் மஞ்சக் கலர்ல கோடு போட்டுக்கிறாங்க. கோடு போடற எடந்தான் வேற வேற."

"பாரேன், சுப்ரீம் கோர்ட்டம்மா வாயத் தொறந்துட்டாங்க" என்றார் அவர். அவள் மிஷின் மூடியைத் திறந்து அடுத்த தாளை வைத்தாள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வார்த்தைகளை மட்டும் அவளுக்கு உருவத்தால் தெரியும். நடுவில் இரண்டு கம்பம் நெட்டையாக நிற்கிற allowed வந்தால் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். நடுவில் இரண்டு கொக்கி சுருண்டு கிடக்கிற dismissed வந்தால் தள்ளிவிட்டார்கள். முதலாவதை "நின்னுச்சி" என்பாள், இரண்டாவதை "வுழுந்துச்சி" என்பாள். பெஞ்சில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள், வக்கீல் வந்து சொல்வதற்குள் பொறுக்க முடியாமல் இவள் முகத்தைப் பார்ப்பார்கள். "க்கா, இன்னா போட்டுக்குது?" தாளைத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், ஒரு சொல் சொல்வாள். இதுவரை அது தப்பியதில்லை. அவளுக்கு உள்ளுக்குள் இருந்த ஒரே பெருமை அதுதான்.

போன மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெஞ்சில் தனக்கொடி உட்கார்ந்திருந்தாள். அரியாங்குப்பத்துக்காரி. லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தினக்கூலிக்குப் பெருக்குகிறாள். வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி அவள் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. வேறொரு மாநிலத்தில் இவளைப் போலவே தினக்கூலியில் இருந்தவர்கள் தோற்றுப்போய் டெல்லிக்கு மேல்முறையீடு போயிருந்தார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் இவளுக்கும். இதற்கு நடுவில் அலுவலகம், எல்லோரும் ஒப்பந்தக்காரரிடம் ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள், நிரந்தரம் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. கூட இருந்த பத்துப் பேரும் போட்டாகிவிட்டது. தனக்கொடிக்கு அன்று மாலை நாலு மணி கெடு. போடாவிட்டால் மறுநாளிலிருந்து வரவேண்டாம்.

அன்று காலையில்தான் டெல்லித் தீர்ப்பு வந்தது. அவளுடைய வக்கீல் ஹேமலதா, "மூணு காப்பி எடுத்து வைங்க. தனக்கொடிய உக்கார வைங்க, கோர்ட்டு முடிஞ்சதும் வரேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பிவிட்டு நீதிமன்றத்துக்குள் போயிருந்தாள்.

தாள் வந்து விழுந்தது. செல்வாம்பாள் அள்ளினாள், தட்டினாள், கடைசிப் பக்கத்தை உருவினாள்.

"க்கா, மணி பன்னண்டாவுது. நீயாவது பாத்துச் சொல்லு" என்றாள் தனக்கொடி.

இரண்டு கொக்கி.

"வுழுந்துச்சிம்மா" என்றாள் செல்வாம்பாள், தாளைப் பார்த்தபடியே.

தனக்கொடி அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாப் பாத்தியா க்கா?" என்றாள். செல்வாம்பாள் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக் காட்டினாள். "சரி, வுடு. இருக்கறதயும் வுட்டுட்டு எங்க போறது? போயி கையெழுத்தப் போட்டுட்டு வரேன். வக்கீலம்மாகிட்ட சொல்லிடு" என்று எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

இரண்டரை மணிக்கு ஹேமலதா சாலையைக் குறுக்கே ஓடி வந்தாள், அங்கி காற்றில் பறக்க. "தனக்கொடி எங்க? ஜெயிச்சாச்சு! ரெண்டுக்கு ஒண்ணு!"

செல்வாம்பாளின் கை கைமிஷின் மேலேயே நின்றுவிட்டது. "வுழுந்துச்சின்னு போட்டுக்குதே" என்றாள்.

ஹேமலதா தாள்களை வாங்கிப் புரட்டினாள். "மூணு ஜட்ஜுங்க. ரெண்டு பேரு சேந்து முன்னாடி எழுதியிருக்காங்க, இங்க பாருங்க, அலவ்டு. அதான் தீர்ப்பு. மூணாமவரு ஒத்துக்கல. அவரு தனியா எழுதுனது பின்னாடி இருக்கு. அது கணக்குல வராது. ஏன், யாரு வுழுந்துச்சின்னது?"

கடைசிப் பக்கத்துக்கு நாற்பது பக்கம் முன்னால், இரண்டு கம்பங்கள் நெட்டையாக நின்றன.

தனக்கொடி தானே அவசரப்பட்டுப் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். கமலக்கண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு சாட்சி இல்லை. செல்வாம்பாள் ஹேமலதாவின் கழுத்துப் பட்டையைப் பார்த்துச் சொன்னாள்: "நாந்தான்மா சொன்னேன். கையெழுத்துப் போடப் போயிட்டா."

ஹேமலதா போன் போட்டாள். தனக்கொடியின் மகள் எடுத்தாள். "போனு எங்கிட்ட இருக்குதுக்கா, அம்மா எடுத்துக்கினு போவல." ஹேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு அவளுடைய இன்னொரு வழக்கைக் கூப்பிடுவார்கள். "யாரையாவது அனுப்பணுமே" என்று சாலையைப் பார்த்தாள்.

செல்வாம்பாள் கட்டைவிரலிலிருந்து ரப்பர் உறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

கமலக்கண்ணன் விழித்துக்கொண்டார். "ஏ, எங்க போற? மிஷின யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க" என்றாள். சாலையில் வந்த டெம்போவில் கால் வைத்து ஏறிய பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

டெம்போ பேருந்து நிலையத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஆட்டோ. லாஸ்பேட்டை மேட்டில் கல்லூரி விட்டு ஸ்கூட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "சீக்கிரம் போப்பா" என்று ஆட்டோக்காரரிடம் சொல்ல நினைத்து நினைத்து, மூன்றாவது சிக்னலில்தான் சொன்னாள். அதற்குள் அவர் சீக்கிரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்துக்குள் நுழைந்து, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாவது அறையில் தனக்கொடி மேசையருகே குனிந்து நின்றிருந்தாள். எதிரில் சூப்பரண்டு சக்கரபாணி, கெட்ட மனிதர் இல்லை, மதியமெல்லாம் மீட்டிங்கில் இருந்துவிட்டு அப்போதுதான் சீட்டுக்கு வந்தவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, "நிதானமா எழுதும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கொடி நிதானமாகத்தான் எழுதினாள். அவள் பெயரில் மூன்று எழுத்து தாளில் ஏறிவிட்டது.

செல்வாம்பாள் நேராகப் போய் அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினாள்.

"யாரும்மா நீ?" என்றார் சக்கரபாணி.

"ஜெராக்ஸ் கடை."

"ஜெராக்ஸ் கடைக்கு இங்க இன்னா வேல?"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வாம்பாள் முதல் முறையாகப் பொத்தானை விட்டு முகத்தைப் பார்த்தாள். "நின்னுச்சி சார். டெல்லில நின்னுச்சி. ரெண்டு பேரு சரின்னுட்டாங்க. ஒருத்தருதான் மாட்டேன்னாரு. நான் அந்த ஒருத்தரு எழுதுனத மட்டும் பாத்துட்டுச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. இவ போட வேணாம்."

தனக்கொடி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். "நெசமாவா க்கா? கடசித் தாள்ல விரல வச்சிக் காட்னியே?"

"காட்னேன். அது தீர்ப்பு இல்ல."

சக்கரபாணி கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு மூன்று எழுத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. "வக்கீல்கிட்ட சொல்லி நாளைக்குத் தீர்ப்போட காப்பி ஒண்ணு குடுத்து அனுப்புங்க. கோப்புல வைக்கணும்" என்றார். பாதிக் கையெழுத்து விழுந்த தாளை எடுத்து, என்ன செய்வதென்று யோசித்து, நாலாக மடித்துத் தனக்கொடியிடமே கொடுத்தார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். தனக்கொடி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். "இன்னா க்கா நீ, பெருமா கோயில்ல நடய சாத்துற நேரத்துல ஓடியாற மாதிரி ஓடியாற. அந்தாளு பயந்தே போயிட்டாரு. ஒரு நிமிசம் போயிருந்தா பேர முழுசா எழுதியிருப்பேன். உன்ன வையறதா, கும்புடறதான்னே தெரில." செல்வாம்பாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டார். அவள் இறுக மூடியிருந்த வலது கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில், வேர்வையில் நனைந்து, சூப்பரண்டின் பேனா இருந்தது.