விஜிதா செய்த கங்காணி விளையாட்டு

விஜிதாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எங்கள் பள்ளியில் அவளுக்கு முன்பு வரலாறு படிப்பித்தவர்கள் புத்தகத்தை வாசித்தார்கள், மணியடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. இவளுக்கு மட்டும் அது போதவில்லை. அதனால்தான் எல்லாம் வந்தது என்று தேயிலைத் தோட்டத்தில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களின் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் அதைவிட மோசம்.

நான் றிப்கா. மாத்தளை டவுனிலிருந்து பஸ் ஏறி, ரத்தோட்டைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்கப் போகிறவள். விஜிதா அந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவள். அவள் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது, தங்கை நிரோஜா இடுப்பை விட்டு இறங்காத வயதில், அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அனுப்பி வைத்தது வேறு யாருமில்லை, சொந்தப் பெரியப்பா. அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, இனிக்க இனிக்கப் பேசியே சம்மதிக்க வைத்தாராம். அம்மா திரும்பி வந்தபோது வலது கை மடங்கவில்லை. அதிக நாள் இருக்கவுமில்லை. நிரோஜாவை அக்காதான் தாயாக இருந்து வளர்த்தாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் இவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வந்த கதையைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விஜிதாவுக்கு ரோஷம். ஒரு லீவு முழுக்க யூடியூப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுகிற மாதிரி ஒரு கேம் செய்துகொண்டு வந்தாள். ஆடுகிறவர் ஒரு குடும்பத்தைத் தோணியில் ஏற்றி மன்னாரில் இறக்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு நடத்திக்கொண்டு வர வேண்டும். கண்ட தண்ணீரைக் குடித்தால் கொலரா, குடிக்காவிட்டால் மயக்கம். நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொள்ளலாம், விட்டுவிட்டும் போகலாம். முக்கால்வாசிக் குடும்பங்கள் நாலந்தாவுக்கு முன்னாலேயே முடிந்துபோயின.

“டீச்சர், டிரிப் போறப்ப நாங்க பாட்டுப் போட்டுக்கிட்டுப் போற ரோட்டு தான இது?” என்று ஒரு பையன் கேட்டான். அன்றைக்கு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த கங்காணியாகவும் ஆட வேண்டும் என்று ஒரு பகுதியைச் சேர்த்தாள்.

“எதுக்கு விஜிதா? கங்காணின்டா கெட்டவன்டு புள்ளைகளுக்குத் தெரியும்தானே?” என்றேன்.

“அதான் பிழை டீச்சர். அவன் பேயில்ல, சொந்தக்காரன். சொந்தக்காரன் கூப்பிட்டதாலதான் அத்தன பேரு வந்தாங்க. அத இதுங்க வெளங்கிக்கணும்.”

கங்காணி ஊருக்குத் திரும்பிப் போய் வீடு வீடாகப் பேச வேண்டும். சரியான பேச்சைத் தெரிந்தெடுத்தால் வீட்டில் இருக்கிறவர்கள் மூட்டையைக் கட்டுவார்கள், பேச்சு பிழையானால் கதவைச் சாத்துவார்கள். அந்தப் பேச்சுகளை விஜிதா ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். யோசிக்கத் தேவையிருக்கவில்லை, எல்லாம் பெரியப்பா பேசியவை. “பிடிக்கலன்னா அடுத்த மாசமே திரும்பிரலாம்.” “ஒன்னய வேத்தாளாவா நெனைக்கிறேன்?” “நானும் கூடத்தான வாறேன்.” வாசித்துப் பார்த்த எனக்கே பெட்டியைக் கட்டலாமா என்று தோன்றியது.

இதில் பிரவீனாவை அடிக்க ஆளில்லை. கொழுந்து பறிக்கிற ராசம்மாவின் ஒரே மகள், நிரோஜாவோடு ஒரே வகுப்பு, அவளுடைய உயிர்ச் சிநேகிதி. யாரையும் அவசரப்படுத்தமாட்டாள். முதலில் அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்கிற பேச்சைத்தான் அழுத்துவாள். அவள் ஆடினால் மற்றவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு ஊரே காலியானதும் கைதட்டுவார்கள். அந்தச் சனம் பிறகு மாத்தளைக்கு வந்து சேர்ந்ததா, வழியில் செத்ததா என்று பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவேயில்லை. விஜிதாவோ, “பேச்சுன்னா இப்பிடி இருக்கணும்,” என்று பிரவீனாவை வகுப்புக்கு நடுவில் நிறுத்திப் பாராட்டினாள்.

கடைசி வகுப்பு ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்த நாட்களில் அந்தச் செய்தி வந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையாம். டைப் பண்ணத் தெரிந்தால் போதுமாம். ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஒருவன், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தால் பிரவீனாவை டீம் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறான். அவள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டாள். அடுத்தது நிரோஜா.

விஜிதா என்னையும் இழுத்துக்கொண்டு ராசம்மா வீட்டுக்கு ஓடினாள்.

“பயப்படாதீங்க டீச்சர். அந்தப் பையங்க வீட்டுலயும் இப்பிடித்தான் பயந்தாங்க. ‘நானும் கூடத்தான வாறேன்’னு எம் புள்ள ஒரு வார்த்த சொன்னிச்சு, ஒத்துக்கிட்டாங்க,” என்றார் ராசம்மா. முகமெல்லாம் பெருமை.

விஜிதா, பக்கத்தில் நின்ற பிரவீனாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். “அது பொய்ப் பேச்சுடி! ஆளுகளக் கொல்ற பேச்சு!”

பிரவீனாவுக்குக் கோபம் வரவில்லை. “நான் பொய் சொல்லல டீச்சர். நெசமாவே கூடத்தான் போறேன். என்னய நம்பி வாறவங்கள நான் விட்ருவனா?” என்றாள். அவள் சொன்னது உண்மை.

பிரவீனாவும் பையன்களுமாக மூன்று பேரும் விசிட் விசாவில் போனார்கள். நிரோஜாவின் பாஸ்போர்ட் வரத் தாமதமானதால் அவள் தப்பினாள். வந்த பாஸ்போர்ட்டை விஜிதா ஒளித்து வைத்தாள். நிரோஜா அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள்.

முதலில் ஹோட்டல் அறைப் படங்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. பையன்களின் போன்கள் அடியோடு செத்துப்போயின. இடையிடையே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவீனா மட்டும் நிரோஜாவின் வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர், வீடியோ கிடையாது, நல்லாயிருக்கிறோம், நீயும் வா என்பதோடு சரி. மகளின் குரலைக் கேட்பதற்காக ராசம்மா ஞாயிறானால் விஜிதா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

போன ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். பொலிஸில் முறைப்பாடு கொடுக்க விஜிதாவோடு போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் நிரோஜாவின் போன் அடித்தது. விஜிதா அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“பிரவீனா, டீச்சர் பேசுறேன். எங்க இருக்கீங்க? பையங்க எங்க?”

பின்னால் யாரோ ஒரு ஆண் புரியாத பாஷையில் ஏதோ சொன்னான்.

“பையங்கள வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க டீச்சர். எங்கன்னு தெரியாது,” என்றாள் பிரவீனா. புத்தகத்தை வாசிக்கிற குரல். “நிரோஜாவ அனுப்புங்க. ஒரு ஆளு வந்தா ஒரு ஆள வீட்டுக்கு விடுவாங்களாம். அவ வந்தா என்னய விட்ருவாங்க.”

அதோடு தொடர்பு அறுந்தது.

ராசம்மா எழுந்து வந்து நிரோஜாவின் கையைப் பிடித்தார்.

“போயிட்டு வாறியா சாமி?” என்றார். “நீ போனா எம் புள்ள வந்துரும்.”

விஜிதா பாய்ந்து தங்கையை இழுத்தாள். ராசம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காலமெல்லாம் கொழுந்து பறித்த விரல்கள்.